நுவரெலியா வீட்டுக்கு ஃபர்னஸா, ஏசியா? குளிருக்குப் பயந்து செய்யும் தவறுகள்

கனடாவில் இருக்கும் எங்கள் மாமா நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளைப் பக்கம் வீடு கட்டத் தொடங்கியபோது, வீட்டு பிளானுக்கு முன்னால் எனக்கு வந்து சேர்ந்தது ஒரு ஃபர்னஸின் படம்தான். டொரோண்டோவில் அவர் வீட்டு நிலவறையில் நிற்கும் ஆளுயர இரும்புப் பெட்டி. "இதே மாதிரி ஒன்று போட்டுவிடலாம் தம்பி. குளிர் காலத்தில் சூடு, வெயில் காலத்தில் குளிர், வீடு முழுக்க ஒரே குழாயில் போகும். அங்கே ஏன் யாருமே போடுவதில்லை?" என்று கேட்டார்.

நான் இந்தப் பக்கத்தில் வயரிங், ஏசி வேலை செய்பவன். வெளிநாட்டுக் காசில் வீடு கட்டுபவர்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுபவர்கள், கொழும்பில் பார்த்த ஏசியை அப்படியே கொண்டுவந்து மாட்ட நினைப்பவர்கள் என்று பலரும் இதே கேள்வியை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்கிறார்கள். அவர்கள் காசு வீணாவதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஃபர்னஸ். கனடாவில் அது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் தெருவுக்கு அடியில் ஓடும் இயற்கை எரிவாயுக் குழாய். கேஸ் எரிந்து ஒரு இரும்பு அறையைச் சூடாக்கும். அந்தச் சூட்டின் மேல் ஒரு பெரிய காற்றாடி வீட்டுக் காற்றை ஊதி, தகரக் குழாய்கள் வழியாக அறைக்கு அறை அனுப்பும். எரிந்த புகை தனிக் குழாயில் வெளியே போய்விடும். கோடையில் அதே காற்றாடி, அதே குழாய்கள்; ஃபர்னஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஏசி கொயில் மட்டும் வேலை செய்யும். ஜனவரி இரவில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்குப் போகக்கூடிய ஊரில், மாதக்கணக்கில் இரவு பகலாக ஓடுவதற்கென்று செய்த ஏற்பாடு அது.

இலங்கையில் வீட்டுக்குக் குழாயில் எரிவாயு வருவதில்லை. நமக்கு இருப்பது சிலிண்டர். சிறிய ஃபர்னஸ் என்று அவர்கள் சொல்வதே மணிக்கு 40,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு) எரிக்கும். நம் 12.5 கிலோ சிலிண்டரை அதில் மாட்டினால் சுமார் 14 மணி நேரத்தில் காலி. 2022இல் கேஸ் வரிசையில் வெற்றுச் சிலிண்டரோடு நின்ற யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மாமாவுக்கு இந்தக் கணக்கைச் சொன்னதும் ஃபர்னஸ் பேச்சு அன்றோடு முடிந்தது. ஆனால் வீடு முழுக்கக் குழாய் போடும் ஆசை மட்டும் போகவில்லை. நான்கு பேர் இருக்கும் வீட்டில் இரவில் இரண்டு அறைகளில்தான் ஆள் இருக்கும். அதற்காக ஹோல், சமையலறை, சாமான் அறை எல்லாவற்றையும் சேர்த்துச் சூடாக்குவது வீண் செலவு. அதிலும் அந்தக் குழாய் தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் போனால், சூட்டில் ஒரு பங்கு அறைக்கு வராமல் கூரைக்குள்ளேயே தங்கிவிடும்.

மலையகம் என்றால் எல்லா இடமும் ஒரே குளிர் என்று நினைப்பது அடுத்த தவறு. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர். பதுளை 680. பண்டாரவளையும் ஹட்டனும் 1,200ஐத் தாண்டும். நுவரெலியா 1,868. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. கண்டியிலும் கம்பளையிலும் பங்குனி, சித்திரை வெயிலுக்குக் குளிரூட்டும் ஏசி வாங்குவதில் நியாயம் உண்டு. நுவரெலியாவில் நடுப்பகலிலேயே 20 பாகையைச் சுற்றித்தான் நிற்கிறது. தை மாதத்து விடியற்காலையில் கொழுந்தின் மேல் உறைபனி படிந்து செடி கருகுகிற ஊரில் குளிரூட்டும் இயந்திரம் எதற்கு?

ஆனாலும் வாங்குகிறார்கள். காரணம் ரிமோட். ஒரு விருந்தினர் விடுதியில் நானே பார்த்தேன். புத்தம் புது ஏசி, மூன்று அறைகளில் மூன்று. ரிமோட்டில் சூரியன் படம் இருக்கிறது. அதை அழுத்தி 30 என்று வைத்தால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, காற்று சில்லென்று வருகிறது. பழுது என்று நினைத்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பழுது ஒன்றும் இல்லை. குளிரூட்ட மட்டும் தெரிந்த மெஷினுக்கும், சூடும் தரக்கூடிய மெஷினுக்கும் ஒரே ரிமோட்டைக் கொடுத்திருந்தது கொம்பனி. குளிரூட்டும் ஏசியை 30இல் வைத்தால், 'அறை ஏற்கனவே 30க்குக் கீழே இருக்கிறது, எனக்கு வேலை இல்லை' என்று கொம்ப்ரஸர் நின்றுவிடும். அவ்வளவுதான் நடக்கும்.

ஆகவே கடையில் ரிமோட்டைப் பார்க்காதீர்கள். வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். குளிரூட்டும் திறன் ஒரு வரியிலும், சூடாக்கும் திறன் இன்னொரு வரியிலும் எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது வரி இல்லையென்றால் அது சூடு தராது, விற்பவர் என்ன சொன்னாலும் சரி. இருக்கிறதென்றால் அந்த எண் எந்த வெளி வெப்பநிலைக்கு என்று கேளுங்கள். வழக்கமாக வெளியே 7 பாகை இருக்கும்போது அளந்த எண்ணைத்தான் போடுவார்கள். அதைவிடக் குளிர்ந்தால் சூடு குறையும். நம் ஊர்க் காற்று ஈரமானது என்பதால் வெளி யூனிட்டின் தகடுகளில் பனி கட்டும். அதை உருக்க மெஷின் இடையிடையே சில நிமிடம் சூடு தருவதை நிறுத்திக்கொள்ளும். அது பழுது இல்லை, பயப்பட வேண்டாம். உருகிய தண்ணீர் வடிய வழி மட்டும் இருக்க வேண்டும். வெளி யூனிட்டைத் தரையோடு தரையாக வைத்துவிட்டு, அடியில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்துக் கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். ஒரு அடியாவது உயர்த்தி வையுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். மெஷினைத் தேடுவதற்கு முன்னால் கூரையைப் பாருங்கள்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று. மேலே தகரமோ ஷீட்டோ மட்டும், சீலிங் இல்லை. வெளியே 8 பாகை, உள்ளே 20 பாகை வேண்டும். அந்தக் கூரை வழியாக மட்டும் ஏறக்குறைய 1,000 வாட் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் 2,000 வாட் ஹீட்டர் போட்டால் அதில் பாதி ஆகாயத்துக்கு. அதே அறைக்கு சீலிங் அடித்து, அதன் மேல் இரண்டு அங்குலக் கண்ணாடிப் பஞ்சு விரித்தால் அந்த 1,000 வாட் 100, 150 வாட்டுக்கு இறங்கிவிடும். சீலிங் ஒருமுறைச் செலவு. ஹீட்டர் மாதாமாதம் கேட்கும். அப்புறம் கதவின் அடி இடைவெளி, ஜன்னல் சட்டத்தின் விளிம்பு, சுவரும் கூரையும் சேரும் இடம். இரவில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த இடங்களில் மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை எங்கே சரிந்து ஓடுகிறதோ அங்கே காற்று நுழைகிறது. ரப்பர் பட்டி ஒட்டினால் போதும். இந்த வேலைக்குப் பிறகு 18,000 பிடியூ கேட்ட அறைக்கு 9,000 போதுமானதாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அறைக்கு மிஞ்சிய மெஷின் வாங்கினால் சட்டென்று சூடாக்கிவிட்டு நிற்கும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். கண்டிப் பக்கம் குளிரூட்டும்போது இதே தவறு நடந்தால் அறை குளிரும், ஈரம் போகாது. பிசுபிசுவென்றே இருக்கும்.

அஸ்பெஸ்டஸ் ஷீட் கூரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. குழாய் போடவோ கம்பி கட்டவோ அந்த ஷீட்டைத் துளைக்கச் சொல்லாதீர்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. சுவர் வழியாகவே எல்லாவற்றையும் கொண்டுபோகலாம்.

கரண்ட் ஹீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. எண்ணெய் ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், சிவப்பாக எரியும் கம்பி ஹீட்டர் எதுவானாலும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரே அளவு சூடுதான் வரும். விலை கூடியதில் கூடுதல் சூடு கிடையாது. 2,000 வாட் ஹீட்டர் தினமும் நான்கு மணி நேரம் எரிந்தால் மாதம் 240 யூனிட். மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால், வீட்டின் மற்றப் பாவனையோடு இதுவும் சேர்ந்தால் பில் மேல் படிக்குப் போய்விடும். சூடு தரும் இன்வெர்ட்டர் ஏசி வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே தள்ளுவதால் அதே சூட்டை மூன்றில் ஒரு பங்கு கரண்டில் தந்துவிடும். வாங்கும்போது விலை கூட, பில்லில் திரும்பி வரும். இன்னொன்று, பழைய வீடுகளில் இருக்கும் 5 அம்பியர் வட்டப் பின் சொக்கெட்டில் ஹீட்டரைச் செருகாதீர்கள். 2,000 வாட் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பின்னைச் சுற்றி பழுப்பு நிறத்தில் உருகி, மீன் நாற்றம் போல ஒரு வாடை வரும். அந்த நிலையில் இருந்த சொக்கெட்டுகளை எத்தனையோ மாற்றியிருக்கிறேன், சில கட்டிலுக்கு அடியில்.

கடைசியாக நெருப்பு. இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள்.

சில்லுப் பூட்டிய கேஸ் ஹீட்டர் ஒன்று, சிலிண்டரை முதுகில் வைத்து உருட்டிக்கொண்டு போகும் வகை, இப்போது பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அதற்குப் புகைக்குழாய் கிடையாது. எரிவது எல்லாம் அறைக்குள்ளேயே. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். நாலு மணி நேரம் முழு வேகத்தில் எரித்தால் இரண்டு லீற்றர் தண்ணீரை அறைக்குள் தெளித்த மாதிரி. ஏற்கனவே மழையிலும் மூடுபனியிலும் ஊறிய சுவர். காலையில் ஜன்னல் கண்ணாடி வியர்த்து வழியும், ஒரு மாதத்தில் அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். பிள்ளைக்கு இழுப்பு இருக்கிற வீட்டில் இதை வைக்கவே வேண்டாம் என்பேன்.

அதைவிட மோசமானது கார்பன் மொனொக்சைட். நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். கடல் மட்டத்துக்குச் செய்த பர்னருக்கு இங்கே ஒட்சிசன் போதாமல் போகும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக நாக்கு நீட்டும், கரி படியும், நச்சு வாயு கூடும். ஃபர்னஸ் பூட்டுகிற நாடுகளில்கூட உயரமான ஊர் என்றால் கேஸ் துவாரத்தைச் சிறிதாக்கித்தான் கொடுப்பார்கள். வாங்கும் ஹீட்டர் எத்தனை மீற்றர் உயரம் வரைக்கும் என்று கையேட்டில் பாருங்கள். குளியலறைக்குள்ளேயே மாட்டும் கேஸ் கீசருக்கும் இதே ஆபத்துதான்.

கேஸ் கசிந்தால் வாடை வரும். ஆனால் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு தை மாதம் இராகலைப் பக்கம் மீற்றர் பெட்டி பார்க்கப் போன வீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் தலைவலி, வாந்தி என்று சுருண்டு கிடந்தார்கள். இரவுச் சாப்பாடு சேரவில்லை என்று நினைத்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய அலுமினியச் சட்டியில் கரி நெருப்பு, சாம்பல் பூத்து இன்னும் கணகணவென்று. ஜன்னல் இடுக்கு முழுக்கப் பத்திரிகைத் தாளைத் திணித்திருந்தார்கள், குளிர் வராமல் இருக்க. மூன்று பேரையும் இஸ்தோப்புக்குக் கொண்டுவந்து, சட்டியை வெளியே எடுத்துவைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்தார்கள். பிள்ளை பெற்ற வீட்டிலும் வயதானவர்கள் படுக்கிற அறையிலும் இப்படிக் கரிச்சட்டி வைக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. புகை வரவில்லை, அதனால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறார்கள். புகை போன கரிதான் இந்த வாயுவை அதிகம் விடும்.

நெருப்பு வேண்டுமென்றால் புகைபோக்கியோடு கட்டிய கணப்பு அடுப்பில் மட்டும், காய்ந்த விறகில் மட்டும். தூங்கப் போகும் முன் அணைத்துவிட வேண்டும். கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்றைக் கட்டில் உயரத்துக்குச் சுவரில் மாட்டுங்கள். கேஸ் கசிவு அலாரம் வேறு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும், அதனால் அந்த அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மாமா வீடு போன வருடம் முடிந்தது. சீலிங்குக்கு மேலே பஞ்சு விரித்தோம். இரண்டு படுக்கையறைக்கும் சூடு தரும் 9,000 பிடியூ இன்வெர்ட்டர் ஒவ்வொன்று. ஹோலில் பங்களா பாணியில் புகைபோக்கி வைத்த கணப்பு, அது அவர் ஆசைக்கு. குழாய்க்கென்று ஒதுக்கியிருந்த காசில் ஜன்னல் எல்லாம் இறுக்கமாக மூடுகிற மாதிரி மாற்றிக்கொண்டார். தை மாதம் வந்து இரண்டு வாரம் தங்கினார். ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அறையில் 19 பாகை காட்டும் வெப்பமானியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார், பின்னால் ஜன்னல் கண்ணாடி துளி வியர்வை இல்லாமல் காய்ந்திருந்தது.