படம் எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது

“அண்ணே, படம் எப்பிடி?” என்று கேட்கிறவருக்கு உலக சினிமா விளக்கம் தேவையில்லை. வவுணதீவிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்பு டவுனுக்கு வந்து, டிக்கெட்டுக்கும் ரோல்ஸுக்கும் காசைக் கொடுத்து, கடைசி பஸ் போய்விடுமோ என்ற யோசனையோடு மூன்று மணித்தியாலம் குந்தியிருக்கலாமா என்றுதான் கேட்கிறார். கல்லடியில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிற எனக்கு இந்தக் கேள்வி வராத கிழமை இல்லை. மெஷினில் டியூஷன் நோட்ஸ் கொப்பி அடித்து முடிகிற நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். “நல்லம்”, “பரவாயில்ல”, “மொக்கை” மூன்றையும் நான் பாவிப்பதில்லை. படத்தைப் பார்க்காதவனும் அவற்றைச் சொல்லிவிடலாம். பார்த்தவன் என்ன சொல்லலாம், அதை எப்படித் தேடிப் பிடிக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பார்க்கப் போகுமுன் யூடியூப் விமர்சனம் எதையும் திறக்காதீர்கள். டிரெய்லர் பரவாயில்லை, அது எப்படியும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரின் ஃபோனில் ஓடும். ஆனால் சென்னையில் காலைக் காட்சி பார்த்துவிட்டு வந்த ஒருவர் “செகண்ட் ஹாஃப் லேக்” என்று சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனீர்களோ, இன்டர்வெல்லுக்குப் பிறகு படத்தைப் பார்க்கமாட்டீர்கள், லேக்கைத்தான் தேடுவீர்கள். தேடினால் எந்தப் படத்திலும் கிடைக்கும்.

எந்தக் காட்சிக்குப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வருகிற பெரிய நடிகரின் படத்தை முதல் நாள் பார்த்தால் வசனத்தில் அரைவாசி விசிலோடு போய்விடும். அந்தக் கொண்டாட்டத்தின் சுகம் தனி, எனக்கும் பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டே கருத்தைத் தொடங்க வேண்டும்: “முதல் நாள், நிறைந்த தியேட்டர், பொடியன்கள் நடுவில் பார்த்தது.” கதை பற்றித் தெளிவாகச் சொல்ல விரும்பினால் திங்களோ செவ்வாயோ பின்னேரக் காட்சிக்குப் போங்கள்.

உள்ளே இருக்கும்போது குறிப்பெடுக்க ஃபோனை எடுக்காதீர்கள். பின்னாலிருப்பவரின் ஏச்சு ஒரு பக்கம், எழுதுகிற நேரத்தில் அடுத்த ஷொட் போய்விடுவது மறுபக்கம். மனதில் வைத்திருக்கக் கொஞ்சம்தான் தேவை. நீங்கள் நேரம் பார்த்தது எந்தக் காட்சியில்? தியேட்டரே கதை பேச்சை நிறுத்தியது எப்போது? எல்லாரும் சிரித்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வராமல் போனதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற விடையில்தான் உங்கள் கருத்து ஒளிந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் கூத்துப் பார்த்துப் பழகிய கிழவர்மாரிடம் இதற்கான பாடம் இருக்கிறது. விடிய விடிய வட்டக்களரி என்கிற ஆடுகளத்தைச் சுற்றியிருந்து பார்த்துவிட்டு, காலையில் தேத்தண்ணிக் கடையில் “கூத்து நல்லம்” என்று எழும்பிப் போகமாட்டார்கள். இன்னாருடைய வரவு ஆட்டத்தில் (களரிக்குள் முதலில் வந்து ஆடுவது) கால் மத்தளத்தோடு சேரவில்லை, இன்ன தருவில் (கூத்துப் பாட்டு) கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பிடித்துக் கொடுத்திராவிட்டால் பொடியன் தவறியிருப்பான் என்று ஆள், இடம், தாளம் சொல்லித்தான் பறைவார்கள். நம் படங்களில் நடிகர் முதன்முதலில் திரைக்கு வருகிற காட்சியும் ஒரு வரவுதான். அது கதைக்குள் ஆளைக் கொண்டுவந்து விட்டதா, கதையை நிறுத்தி வைத்துவிட்டு ஆடியதா என்று பாருங்கள். பாதிப் படம் அங்கேயே பிடிபட்டுவிடும்.

வெளியே வந்த உடனே ஸ்டேட்டஸ் போடாதீர்கள். ஒரு இரவு கழியட்டும். மறுநாள் காலையில் என்ன காட்சி தானாக ஞாபகம் வருகிறதோ அதிலிருந்து எழுதத் தொடங்குங்கள். முதல் நாலு வரியில் நடிகர் பெயர் வராமல் எழுதிப் பாருங்கள். ரசிகராக இருந்தாலும் எதிர் ரசிகராக இருந்தாலும், பெயர் வந்ததும் பேனை அதுபாட்டுக்கு ஓடத் தொடங்கிவிடும்.

ஒரு உதாரணம். உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை ‘லப்பர் பந்து’ என்ற கிரிக்கெட் படம் பற்றி ஒரு பக்கம் டைப் பண்ணக் கொண்டுவந்தது. “நடிப்பு சூப்பர். பாட்டு சூப்பர். கிரிக்கெட் பிடித்தவர்களுக்கு விருந்து. இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை.” டைப் பண்ணாமல் கேள்வி கேட்டேன். “யாரட நடிப்பு, புள்ள? எந்த இடத்தில?” யோசித்துவிட்டுச் சொன்னது: “கெத்து எண்ட பேரில வாற ஆள் கிரவுண்டில நிக்கக்க ராசா மாதிரி. வீட்டில மனிசிக்கு முன்னால வந்தா அப்பிடியே சுருங்கிப் போறார்.” அதை எழுதச் சொன்னேன். மறுகா கேட்டேன், “மேட்ச் ஆர் வெல்லுறது எண்டதா உனக்கு முக்கியமா இருந்த?” “இல்ல அண்ணா, ஆரை டீமில சேக்கிறாங்க, ஆரை வெளிய விடுறாங்க எண்டதுதான்.” அதையும் எழுதச் சொன்னேன். விஜயகாந்த் பாட்டுக்குத் தியேட்டர் எழும்பி ஆடியது என்பதைத் தானே சேர்த்துக்கொண்டது. முந்திய இரண்டு “சூப்பரும்” இடமில்லாமல் தாமாகவே வெளியேறிவிட்டன. மென்பந்து டூர்ணமென்ட் நடக்காத ஊர் எங்கள் பக்கம் இல்லை, அதனால் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வரி இன்னும் எழுதியிருக்கலாம். பந்து வீசுகிறவனின் கை உண்மையா, வெட்டி ஒட்டியதா என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

“இழுவை” என்று எழுதுமுன் கொஞ்சம் நில்லுங்கள். 2024 செப்டம்பரில் வந்த ‘மெய்யழகன்’ நீளம் என்று பலர் முறையிட, வெளியான பிறகு சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். ஊரைவிட்டுப் போன ஒருவர் பல வருடத்துக்குப் பிறகு கலியாணத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்புகிறார். தன்னை உயிராக நினைக்கிற உறவுக்காரனின் பெயர்கூட அவருக்கு ஞாபகமில்லை. கேட்கவும் வெட்கம். இருவரும் இரவு முழுக்கக் கதைக்கிறார்கள். கனடாவிலிருந்து கலியாண வீட்டுக்கு வந்து, “என்னைத் தெரியுதா?” என்று கேட்கிற கிழவிக்கு முன் முழிக்கிற ஆட்களை நான் ஆரையம்பதியிலும் களுவாஞ்சிகுடியிலும் பார்த்திருக்கிறேன். அந்த முழியின் நீளம்தான் அந்தப் படத்தின் நீளம், எனக்கு வெட்டத் தேவையில்லை. உங்களுக்கு அலுத்திருந்தால் அதுவும் கருத்துதான். எந்தப் பேச்சு இரண்டாவது முறை அதே விஷயத்தைச் சொன்னது என்று காட்டிவிடுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்தது, தியேட்டரின் குற்றத்தைப் படத்தின் மேல் போடக்கூடாது. ஒரு தியேட்டரில் ஸ்பீக்கர் பேஸை ஏற்றி வைத்துப் பாட்டு வரும்போது கதிரை அதிர்ந்தது, வசனம் ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வந்தவர்கள் இசையமைப்பாளரைத் திட்டிக்கொண்டு போனார்கள். சந்தேகம் என்றால் நாலு கிழமை பொறுங்கள், பெரும்பாலான படம் ஓடிடிக்கு வந்துவிடும். ஹெட்ஃபோன் போட்டு அதே காட்சியைத் திரும்பக் கேட்டால் குற்றம் யாருடையது என்று தெரியும். பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’க்குப் பின்னணி இசையே கிடையாது. பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஒரு குடும்பமே ஷேர் ஆட்டோவில் ஏறிப் போகிறது. ஆட்டோ எஞ்சினும் சேவலும் ஆண்களின் ஏச்சும்தான் சத்தம். இப்படியான படத்தை ஃபேன் இரைகிற மண்டபத்தில் பார்த்துவிட்டு “சத்தமே இல்ல, டொக்குமென்டரி மாதிரி” என்று சொல்வது அநியாயம்.

கதையைச் சொல்லாமல் கருத்துச் சொல்வது எப்படி என்று அடிக்கடி கேட்கிறார்கள். படம் தானே முதல் இருபது நிமிடத்தில் சொல்வதை மட்டும் சொல்லுங்கள். ‘மகாராஜா’வில் சலூன் வைத்திருக்கிற ஒருவர் பொலிசுக்குப் போய் “லட்சுமி”யைக் களவெடுத்துவிட்டார்கள் என்கிறார். இதுவரை சொல்லலாம். காலம் முன்பின்னாக வருகிறது, முழிப்பாக இருங்கள் என்றும் சொல்லலாம். அதற்குமேல் ஒரு சொல் கூடாது. ஆனால் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று தாய்மார் கேட்டால் மறைக்காதீர்கள். அந்தப் படத்தில் பாலியல் வன்முறை இருக்கிறது, அதைச் சொன்னால் திருப்பம் ஒன்றும் கெட்டுவிடாது. இந்தியத் தணிக்கைச் சான்றிதழையும் பார்த்து வையுங்கள். 2024 முதல், பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்கிற யூஏவை 7, 13, 16 வயது என்று பிரித்துவிட்டார்கள். 2025 ஓகஸ்டில் வந்த ‘கூலி’ ரஜினி படம்தானே என்று குடும்பத்தோடு புறப்பட்டவர்கள் பலர், அதற்கு இந்தியாவில் வயது வந்தவர்களுக்கு மட்டும் என்கிற ஏ சான்றிதழ் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இனி எங்களுக்கே உரிய ஒரு விஷயம். 2025 மே 1இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, பொருளாதார நெருக்கடியில் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போகிற ஒரு இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் கதை. தமிழ்நாட்டு விமர்சகர்கள் பலர் “இலங்கைத் தமிழ் அருமை” என்றார்கள். அது அவர்களின் காது. நம் காதுக்கு வேறு வேலை. சினிமாவில் இலங்கைத் தமிழ் என்றாலே யாழ்ப்பாணத்துச் சாயல் ஒன்றுதான் வரும், அதுவும் இந்தப் படத்தின் நாயகன் சசிகுமாரின் நாக்கில் இடையிடையே மதுரைப் பக்கம் நழுவும். “பிறகு” என்பதற்கு எங்கள் மட்டக்களப்பில் சொல்கிற “மறுகா”வும், எங்கள் “கா”வும் நான் பார்த்த எந்தத் திரையிலும் வந்ததில்லை என்ற ஏக்கம் எனக்கு உண்டு. ஆனால் அந்த ஏக்கத்தைப் படத்தின் குறையாக எழுதினால் அது பிழையான கணக்கு, வடக்குக் குடும்பத்தைக் காட்டுகிற படத்தில் மட்டக்களப்புப் பேச்சு ஏன் வர வேண்டும்? நான் இரண்டையும் பிரித்துத்தான் சொல்வேன்: நழுவிய வசனங்கள் குறை, சிம்ரன் பேசாமல் பார்க்கிற இடங்கள் நிறை, எங்கள் பேச்சு வராதது என் சொந்த மனத்தாங்கல். எந்த ஊரிலிருந்து பார்க்கிறீர்கள் என்பதைக் கருத்தில் சொல்லிவிட்டால் வாசிப்பவர் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்வார்.

ஐந்துக்கு எத்தனை என்று மார்க் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. மூன்றரைக்கும் மூன்றே முக்காலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாராவது விளக்கினால் தொடங்கலாம். அதற்குப் பதிலாக, படத்தைப் பொறுத்து, ஆள் பார்த்து இப்படிச் சொல்கிறேன். இரவு வேலை முடித்து வருகிறவருக்கு இது சரிவராது, நித்திரை வரும். தகப்பனோடு கதைக்காமல் இருக்கிறவன் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போகட்டும். பாட்டுக்காகப் போகிறீர்களா, இன்டர்வெல்லோடு எழும்பி வரலாம்.

டெலிகிராமில் வந்த தியேட்டர் பிரின்டைப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்ல வருகிறவர்களுக்கு என் கடையில் ஃபோன் ரீலோட் மட்டும்தான், பேச்சு இல்லை. திரையில் கால்வாசியை முன்னால் இருந்தவரின் தலை மறைத்திருக்க, “ஒளிப்பதிவு சுமார்” என்றான் ஒருவன்.

திரும்பப் பார்த்து மனம் மாறினால் பழைய குறிப்பைக் கிழிக்காதீர்கள். அதே கொப்பியில், அதே படத்தின் பெயருக்குக் கீழே, திகதி போட்டுப் புதிதை எழுதுங்கள். எங்கே பார்த்தீர்கள், யாரோடு பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.