தியரி கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ரசிகர்களுக்கு

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 2019 மே மாதமே முடிந்துவிட்டது. ஆனாலும் அதை இப்போதுதான் முதன்முறையாகப் பார்த்து முடித்து, அதே வேகத்தில் அதன் முன்கதையான ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடருக்குள் நுழைந்து, அடுத்த திருப்பம் இதுதான் என்று அடித்துச் சொல்லும் இளைஞர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் செய்யும் பிழைகள் எல்லாம் நாங்கள் செய்து களைத்துப்போன பிழைகள். பார்க்காதவரிடம் முடிவைச் சொல்லக் கூடாது என்பது போன்றவற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன். முழுக் கதையும் அறிந்தவர்களுக்காகவே எழுதுகிறேன்.

நாவலின் சான்றைத் திரைக்குக் கொண்டுவருதல்

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டும் பிழை இதுதான். தொடருக்கு அடிப்படை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசை. 1996இல் தொடங்கிய அவ்வரிசையின் ஐந்தாம் நாவல் 2011 ஜூலையில், எச்.பி.ஓ.வில் தொடர் தொடங்கிய சில மாதங்களில் வெளிவந்தது; தொடர் முடியும்வரை ஆறாவது நாவல் வரவே இல்லை. எனவே ஒரு கட்டத்துக்குப் பின் தொடர் தன் வழியில் நடக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே அது பலவற்றை உதறியும் இருந்தது. ‘சிவப்புத் திருமணம்’ எனப்படும் விருந்துப் படுகொலையில் சாகும் கேட்லின் ஸ்டார்க், நாவலில் உயிர்த்தெழுந்து லேடி ஸ்டோன்ஹார்ட்டாகப் பழிவாங்க அலைகிறாள். திரையில் அப்படி ஒருத்தியே இல்லை.

இவ்வளவு தெரிந்தும் நாவலை வைத்துத் திரைக்கதையைக் கணிப்பது, அண்ணனின் ஜாதகத்தைப் பார்த்துத் தம்பிக்குப் பலன் சொல்வதைப் போன்றது. ராணி செர்சியின் முடிவைப் பற்றிய தியரி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சிறுமியாக இருக்கும் செர்சிக்கு மேகி என்னும் குறிகாரி ஆரூடம் சொல்கிறாள். 2005இல் வந்த நான்காம் நாவலில் அந்த ஆரூடத்தின் கடைசிப் பகுதி, ‘வலோங்கார்’, அதாவது தம்பி ஒருவன், அவள் கழுத்தை நெரித்துக் கொல்வான் என்கிறது. செர்சி தன் தம்பி டிரியனைச் சந்தேகிக்கிறாள். வாசகர்களில் பெரும்பாலோர், அவளோடு இரட்டையாய், ஆனால் அவளுக்குப் பின் பிறந்த ஜேமியே அந்தத் தம்பி என்று முடிவு கட்டினார்கள். நாவலைப் பொறுத்தவரை அது நல்ல தியரி. இன்னும் உயிரோடு இருக்கும் தியரியும்கூட. ஆனால் 2015இல், ஐந்தாம் சீசனின் முதல் எபிசோடில், மேகி மன்னனுடன் நடக்கப்போகும் திருமணத்தையும், மூன்று பிள்ளைகளையும், அவர்களின் பொன் மகுடங்களையும், பொன் சவப்போர்வைகளையும், செர்சியை வீழ்த்தப்போகும் இளையவளான இன்னொரு ராணியையும் சொல்கிறாள். தம்பியைப் பற்றி வாய் திறப்பதில்லை. நாவலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவர்கள் இத்தனையைச் சேர்த்து அந்த ஒன்றை மட்டும் விட்டார்கள் என்றால், அதை மறதி என்று எடுத்துக்கொள்ள இடமில்லை.

எங்கள் நண்பர் குழுவில் நாவல்களை வரிவரியாகப் படித்த ஒருவர் இருந்தார். அவரிடம் இதைச் சொன்னபோது, படிக்காதவர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு, ஜேமியின் கைகள்தான் செர்சியைக் கொல்லும் என்று குழு முழுவதற்கும் பிரியாணிப் பந்தயம் கட்டினார். இந்தியாவில் புதிய எபிசோடு திங்கட்கிழமை காலையில் வரும். 2019 மே 13 அன்று, அரண்மனையான ரெட் கீப்பின் அடித்தளத்தில் இடிந்து விழும் கற்களுக்குக் கீழே, ஜேமியும் செர்சியும் ஒருவரையொருவர் தழுவியபடி மாண்டார்கள். தழுவும்போது கை கழுத்தருகில்தானே இருந்தது என்று நண்பர் வாதாடிப் பார்த்தார். பிறகு தொடர் தம்மை ஏமாற்றிவிட்டதாகக் கோபித்துக்கொண்டார்.

தொடர் அவரை ஏமாற்றவில்லை. மேகியின் வாயை அடைத்த அதே ஐந்தாம் சீசனின் நான்காம் எபிசோடில், டோர்ன் கடற்கரையில், எப்படிச் சாக விரும்புகிறாய் என்று பிரான் கேட்க, தான் நேசிக்கும் பெண்ணின் கைகளில் என்று ஜேமி பதில் சொல்கிறான். (இந்தப் பிரான் கூலிப்படை வீரன், ஸ்டார்க் வீட்டுச் சிறுவன் அல்லன்.) வலோங்காருக்காகக் காத்திருந்தவர்கள் யாரும் அந்த வசனத்தைப் பொருட்படுத்தவில்லை. பந்தயத்தில் போன பிரியாணியைவிடப் பெரிய இழப்பு இதுதான்: கண்முன் சொல்லப்பட்டதைக் காணாமல், சொல்லப்படாத ஒன்றுக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தது.

‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ ரசிகர்கள் இதை இன்னும் மோசமாகச் செய்கிறார்கள். அதன் மூலநூல் 2018இல் வெளிவந்த ‘ஃபயர் அண்ட் பிளட்’. அது நாவல் வடிவில்கூட இல்லை. ஒன்றுக்கொன்று முரண்படும் சாட்சிகளை ஒப்பிட்டு ஒரு மேஸ்டர், அதாவது அக்கதையுலகின் அறிஞர், எழுதும் வரலாறாக அமைந்தது. அதில் லேனார் வெலாரியோன் கொல்லப்படுகிறான். திரையில், 2022இல் வந்த முதல் சீசனிலேயே, இறந்ததுபோல் நடித்துவிட்டுக் கடல் கடந்து போய்விடுகிறான். இதைப் பார்த்த பிறகும் என் சித்தி மகன், “புத்தகத்துல அப்படித்தான் இருக்கு அண்ணா” என்று ஒவ்வொரு பாத்திரத்தின் மரணத்துக்கும் நாள் குறித்துக்கொண்டிருக்கிறான்.

பலித்த ஒன்றைக் காட்டி எல்லாவற்றையும் நம்புதல்

நெட் ஸ்டார்க்கின் மகனாக வளர்ந்த ஜான் ஸ்னோ, உண்மையில் இளவரசன் ரேகார் டார்கேரியனின் மகன் என்று வாசகர்கள் 1990களின் இறுதியிலேயே ஊகித்தார்கள். 2016இல் ஆறாம் சீசனின் கடைசி எபிசோடு அதை உறுதிசெய்யும் வகையில், நெட்டின் தங்கை லியானா தன் குழந்தையை அவனிடம் ஒப்படைப்பதைக் காட்டியது. அன்றிலிருந்து எந்த விசித்திரமான தியரிக்கும் இதையே முன்னுதாரணமாகக் காட்டுகிறார்கள். இது ஏன் பலித்தது என்று பார்ப்பதில்லை. நேர்மைக்குப் பெயர்போன நெட், ஜானின் தாயைப் பற்றி ஏன் பேச மறுக்கிறான் என்ற கேள்விக்கு வேறு நல்ல விடை இருக்கவில்லை. அதோடு, நாவலைத் தொடாதவருக்கும் திரையிலேயே தடயங்கள் கிடைத்தன: முதல் சீசனில் அடுத்த சந்திப்பில் உன் தாயைப் பற்றிப் பேசுவோம் என்று நெட் ஜானிடம் கூறுவதும், ஐந்தாம் சீசனில் ஹாரன்ஹால் போட்டியில் ரேகார் தன் மனைவியைக் கடந்து சென்று லியானாவின் மடியில் மலர் மகுடத்தை வைத்த கதையை லிட்டில்ஃபிங்கர் சான்சாவிடம் விவரிப்பதும் அவற்றில் அடங்கும். டிரியனும் ஒரு டார்கேரியன் என்ற தியரிக்கு இவற்றில் பாதியளவு கூடத் திரையில் இல்லை.

உடலைக் காட்டவில்லை, ஆகவே உயிரோடு இருக்கிறார்

இறந்ததாக நினைத்த ஹவுண்ட் திரும்பி வந்தான். ஸ்டானிஸ் வரவில்லை, சிரியோ ஃபோரெலும் வரவில்லை.

நடிகரின் பேட்டியைச் சாட்சியமாகக் கொள்ளுதல்

2015இல் ஜான் குத்திக் கொல்லப்பட்ட பிறகு, தான் திரும்பப் போவதில்லை என்று கிட் ஹாரிங்டன் சொல்லிக்கொண்டே இருந்தார். மறு ஆண்டு ஜான் எழுந்தான், ஹாரிங்டன் மன்னிப்புக் கேட்டார். ரகசியம் காப்பது அவருடைய வேலையின் ஒரு பகுதி.

எந்தக் காட்சியாலும் பொய்யாக முடியாத தியரி

ஸ்டார்க் வீட்டுப் பிரானே, பிணப்படையின் தலைவனான நைட் கிங் என்று வாதிட்டவர்கள், இருவரும் ஒரே காட்சியில் எதிரெதிரே நின்றபோதுகூட, அது காலப்பயணத்தின் விளைவு என்றார்கள். எட்டாம் சீசனின் மூன்றாம் எபிசோடில் பிரானின் கண்ணெதிரே நைட் கிங்கை ஆர்யா குத்தி நொறுக்கிய பின்னும் சிலர் விடவில்லை. எந்தக் காட்சி வந்தால் உங்கள் தியரியைக் கைவிடுவீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அதற்குப் பதில் சொல்ல இயலாதவருடன் பேச்சை நீட்டுவது வீண்.

எட்டாம் சீசனின் காபிக் கோப்பை

அது தடயம் அல்ல, படப்பிடிப்பில் மறந்து வைத்தது. எச்.பி.ஓ. பிறகு அதை டிஜிட்டலாக அழித்துவிட்டது.