லினக்ஸில் குழம்பிக் கிடக்கும் பைத்தானை ஒழுங்குபடுத்துவது எப்படி?

பைத்தான் நிரல்மொழிக்கான தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் வழியாக ஒரு தொகுப்பை நிறுவுகிறீர்கள். 'ஏற்கெனவே இருக்கிறது' என்கிறது. நிரலை ஓட்டினால் அதே தொகுப்பைக் காணோம் என்று பிழை வருகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருக்கின்றன. பிப் ஒன்றில் நிறுவுகிறது, நிரல் இன்னொன்றில் ஓடுகிறது. டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்களுக்கான வழி இது. கட்டளைகளை டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கோபத்தில் 'சுடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3' மட்டும் வேண்டாம். உபுண்டுவின் பல கருவிகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன, டெஸ்க்டாப்பே கழன்றுவிடலாம். அந்தப் பைத்தான் லினக்ஸுக்குச் சொந்தம், நமக்கில்லை.

1. யார் யார் இருக்கிறார்கள்?

'டைப் -ஏ பைத்தான்3' என்று அடியுங்கள். பட்டியலில் முதலில் வருவதுதான் ஓடும். '/யூஎஸ்ஆர்/பின்' என்றால் லினக்ஸுடையது. '/பின்' என்றும் ஒரு வரி வந்தால் பயப்படாதீர்கள், புதிய பதிப்புகளில் இரண்டும் ஒரே இடம்தான். '/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்' என்றால் பெரும்பாலும் யாரோ மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தது. ஹோமுக்குள், அதாவது உங்கள் சொந்தக் கோப்புறைக்குள் இருந்தால், மினிகோண்டா, பைஎன்வ் போன்ற கருவிகள் கொண்டுவந்தவை.

அடுத்து 'பைத்தான்3 -எம் பிப் --வெர்ஷன்'. பிப் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எந்தப் பைத்தானுடையது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். வெறும் 'பிப்' என்று அடிக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

2. நாம் சேர்த்ததை ஒதுக்குவது

டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் அமைப்புக் கோப்பான '.பாஷ்ஆர்சி'யை ஹோமில் திறந்து 'பாத்', 'பைத்தான்பாத்', 'அலையாஸ்' வரிகளைப் பாருங்கள். பைத்தான் தொடர்பாக நீங்கள் சேர்த்தவற்றின் முன்னால் ஹேஷ் குறி போட்டால் போதும். ஹோமின் '.லோக்கல்/லிப்' உள்ளே பைத்தான் பதிப்பின் பெயரில் கோப்புறை இருந்தால் அழிக்காமல் பெயரை மாற்றி வையுங்கள். ஏதாவது உடைந்தால் திரும்ப எடுக்கலாம்.

கம்பைல் செய்த பைத்தானுக்கு 'மேக் அன்இன்ஸ்டால்' கிடையாது. '/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்' உள்ளே இருக்கும் 'பைத்தான்3', 'பிப்3' இரண்டையும் வேறு பெயருக்கு மாற்றினாலே அது வழிவிட்டுவிடும். அப்புறம் புதிய டெர்மினல் திறந்து முதல் படியை மறுபடி பாருங்கள். பழைய டெர்மினலில் பாஷ் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) பழைய பாதையையே நினைவில் வைத்திருக்கும்.

3. இனி வென்வ் மட்டும்

வென்வ் என்பது ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனியாக அமைக்கும் பைத்தான் சூழல். 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்' ஒருமுறை. பிறகு புராஜெக்ட் கோப்புறைக்குள் போய் 'பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்', அடுத்து 'சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்'. டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயர் தெரிந்தால் சரி, 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' என்று தைரியமாக நிறுவலாம்.

டெபியன் 12, உபுண்டு 23.04 தொடங்கி, வென்வ் இல்லாமல் பிப்பை ஓட்டினால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று தடுத்துவிடும். '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' சேர்த்தால் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். செய்யப்போவதைப் பெயரிலேயே சொல்லிவிட்டுச் செய்கிற ஆப்ஷன் அது, தொடாதீர்கள்.

லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு வென்வ் ஓடாமல் போகலாம். ரிப்பேர் பார்க்க உட்காராதீர்கள், '.வென்வ்' கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.