மனசுக்குப் பட்டதை நம்பி எப்போது வாங்கலாம்?

மியான்மரின் யாங்கோனிலிருந்து இந்தியாவுக்கு உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்கிறோம். ஆபீஸ் பொறுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது இதைத்தான்: "அண்ணே, கணக்கு வேண்டாம் என்கிறது, மனசு வாங்கு என்கிறது. எதைக் கேட்பது?"

முதலில், முடிவு சரக்கைப் பற்றியதா, சர்க்காரைப் பற்றியதா என்று பாருங்கள்.

மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளியதுமே ஈரம் கூடுதல் என்று பட்டால் நம்பலாம். சீசனுக்குச் சீசன் அள்ளிப் பார்த்த கை அது. சரியா தப்பா என்று ஈரமானி அவ்வப்போதே சொல்லிவிடும். உளவியலாளர்கள் டேனியல் கேனமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையும் இந்த இரண்டையும்தான் கேட்கிறது: விஷயத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும், அதைப் பழகித் தெரிந்துகொள்ள வாய்ப்பும் வேண்டும். கேனமன் உள்ளுணர்வைச் சந்தேகித்தவர். கிளைன் தீயணைப்பு அதிகாரிகளிடம் அது வேலை செய்வதை ஆராய்ந்தவர். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒத்துப்போன இடம் என்பதால் எனக்கு அதில் மதிப்பு.

டெல்லி உத்தரவுக்கு அப்படி ஒழுங்கு ஏது? 2017 ஆகஸ்டில் துவரைக்கும் உளுந்துக்கும் இறக்குமதி வரம்பு வைத்தார்கள். 2021 மே மாதம் தாராளமாக இறக்கலாம் என்றார்கள். "இந்த மாசம் திறந்துவிடுவார்கள் போலத் தோன்றுகிறது" என்று எவ்வளவு பழைய வியாபாரி சொன்னாலும் அது ஆசைதான். அதை நம்பிக் குடோனை நிரப்பாதீர்கள். மியான்மர் நாணயமான கியாட்டின் விலையும் அப்படியே.

ஆளை எடை போடுவதுதான் கஷ்டம். புதுத் தரகரை முதல் பேச்சிலேயே பிடித்துப்போனால் அன்றைக்கு முடிவு சொல்லாதீர்கள். (இனிக்கப் பேசாத தரகர் இந்த ஊரில் உண்டா என்ன?) சாம்பிளும் லோடும் ஒத்திருந்ததா, சொன்ன நாளில் வந்ததா, பணத்தில் இழுத்தடித்தாரா என்று விசாரித்துத் தனித்தனியாக மார்க் போடுங்கள். அப்புறம் கண்ணை மூடி, மொத்தமாக மனசுக்குப் படும் மார்க்கையும் எழுதுங்கள். 1950களில் இஸ்ரேல் ராணுவத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் கேனமன் வகுத்த முறை இது. கடைசியில் கண்ணை மூடிப் போட்ட மார்க்கும் நன்றாகவே பலித்ததாம்.

பங்காளிக்கு ஒன்றும் உங்களுக்கு வேறொன்றும் பட்டால்? பேசுவதற்கு முன்பே இருவரும் தனித்தனித் தாளில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மூத்தவர் மனசுதான் ஜெயிக்கும். இரண்டும் மோதினால் பாதிச் சரக்கை மட்டும் வாங்கி, மீதியை முதல் லோடு இறங்கிய பிறகு பேசுங்கள்.