டாக்கரில் தொலைந்த நான்கு மணி நேரம்

மொரிஷியஸில் எங்கள் ஊர்க் கோவிலின் அர்ச்சனைச் சீட்டு மென்பொருளை டாக்கர் கண்டெய்னரில் (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு தனியாக அடைத்து இயக்கும் பெட்டி போன்ற அமைப்பு) இயக்கி வருகிறேன். தைப்பூசக் காவடிக்கு முன்பு புதிய சர்வருக்கு மாற்றியதும், காலை 9 மணிக்குக் கொடுத்த சீட்டில் 5 மணி என்று அச்சானது. இங்குள்ள நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட 4 மணி முன்னது என்பதால், நேர மண்டலத்துக்கான சூழல் மாறி (மென்பொருளுக்கு வெளியிலிருந்து தரப்படும் அமைப்பு மதிப்பு) உள்ளே போய்ச் சேரவில்லை என்றே முதலில் எண்ணினேன்; ஆனால் கண்டெய்னருக்குள் சூழல் மாறிகளைப் பட்டியலிடும் ‘என்வ்’ கட்டளையை இயக்கிப் பார்த்தபோது, அது டிஇசட்="இந்தியன்/மொரிஷியஸ்" என்று மேற்கோள் குறிகளோடு இருந்தது. பழைய சர்வரில் கண்டெய்னர்களை அமைத்து இயக்கும் டாக்கர் கம்போஸ் என்ற கருவி அக்குறிகளை நீக்கிவிட்டுத்தான் மதிப்பை உள்ளே அனுப்பியது. புதியதில் நான் பயன்படுத்திய டாக்கர் ரன் கட்டளையோ, சூழல் மாறிகளை எழுதிவைக்கும் என்வ் கோப்பில் உள்ளதை எழுத்து மாறாமல் எடுத்துக்கொள்கிறது. குறிகளோடு கூடிய அப்படியொரு மண்டலம் இல்லாததால், நேரம் சத்தமின்றி யூடிசிக்குப் போய்விட்டது. (பிழைச்செய்தி ஒன்று வந்திருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.)

குறிகளை அழித்து ரீஸ்டார்ட் செய்தும் சீட்டு மாறவில்லை. என்வ் கோப்பு, கண்டெய்னர் உருவாக்கப்படும்போது மட்டுமே படிக்கப்படுகிறது. பழையதை நீக்கிப் புதிதாக உருவாக்கிய பிறகே சரியான மணி அச்சானது.