'அம்மா': மூன்று எழுத்து, 15 பைட்

கணினி கற்க வருபவர்களிடம் முதல் நாளே பாகங்களின் பெயர்களை ஒப்பிக்கச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ராம், பிராசஸர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் வாயில் நிற்கும், மனதில் நிற்காது. அதனால் நான் எப்போதும் நோட்பேடில்தான் தொடங்குவேன். விண்டோஸ் இருக்கும் கணினி ஒன்றும் அரை மணி நேரமும் போதும். வாசிக்கும்போதே கூடவே செய்து பாருங்கள்.

படி 1: ஒரே ஒரு எழுத்து

நோட்பேடைத் திறந்து, ஆங்கிலத்தின் முதல் எழுத்தைச் சின்ன எழுத்தாக ஒரே ஒரு முறை தட்டுங்கள். ஸ்பேஸ் வேண்டாம், என்டரும் வேண்டாம்.

தட்டியதும் திரையில் எழுத்து வந்துவிட்டது. அதற்குள் பல வேலைகள் முடிந்திருக்கின்றன. கீபோர்டுக்குள் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. அதற்கு எழுத்து எதுவும் தெரியாது. எந்த இடத்து விசை அமுங்கியது என்பதை மட்டும் ஓர் எண்ணாக அனுப்பும். தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறைக்கு மாற்றிக்கொண்டு அதே விசையைத் தட்டினால் 'அ' வருவது இதனால்தான். கீபோர்டு அனுப்புவது அதே எண், அதற்குப் பொருள் சொல்வது விண்டோஸ். அந்த வேலையைச் செய்து முடிப்பது கணக்குகளைப் போடும் சிப்பான பிராசஸர். விசை எண்ணை எழுத்துக்கான எண்ணாக மாற்றி, தற்காலிக நினைவகமான ராமில் வைக்கிறது. நீங்கள் தட்டிய எழுத்தின் எண் 97. எழுத்து வடிவங்களின் தொகுப்பான எழுத்துருவிலிருந்து (ஃபான்ட்) 97க்கு உரிய வடிவத்தை எடுத்துத் திரையில் வரைவது கடைசி வேலை.

படி 2: 97ஐக் காகிதத்தில் எழுதுங்கள்

கணினிக்குள் 9 என்றோ 7 என்றோ எதுவும் இல்லை. மின்சாரம் இருக்கிறது அல்லது இல்லை என்ற இரண்டு நிலைதான். இருந்தால் 1, இல்லையென்றால் 0. இப்படி ஓர் இடம் ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்.

ஒரு தாளில் வரிசையாக எட்டுக் கட்டங்கள் போட்டு, அவற்றின் மேலே 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதுங்கள். கூட்டினால் 97 வரும்படி எந்தெந்தக் கட்டங்களில் 1 போட வேண்டும்? 64, 32, 1. மற்றவற்றில் 0. ஆக, 01100001. எட்டையும் 0 ஆக்கினால் 0, எட்டையும் 1 ஆக்கினால் 255. ஆகவே ஒரு பைட்டில் 256 விதமான எண்களை வைக்கலாம், அதற்கு மேல் முடியாது. இந்த எல்லையை நினைவில் வைத்திருங்கள், தமிழுக்கு வரும்போது தேவைப்படும்.

படி 3: சேமியுங்கள்

இதுவரை அந்த 97 ராமில்தான் இருக்கிறது. ராமுக்குள் மின்னூட்டத்தைத் தாங்கும் மிக நுண்ணிய கலங்கள் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றின் மின்னூட்டம் தானாகக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் நொடிக்குப் பலமுறை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் புதுப்பிக்க வழியில்லை, எண்களும் போய்விடும். பாதி தட்டிய கடிதம் கரண்ட் கட்டில் காணாமல் போவது இப்படித்தான்.

சேமிக்கும்போது அதே எண்கள் டிஸ்க்குக்கு நகலாகின்றன. ஹார்ட் டிஸ்க்கில் காந்தப் புள்ளிகளாக நிற்கும். புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டியிலும் பென் டிரைவிலும் வெளியே கசியாதபடி அடைத்து வைத்த மின்னூட்டமாக நிற்கும். இரண்டுக்கும் கரண்ட் தேவையில்லை. புது விண்டோஸ் 11 நோட்பேட், மூடிவிட்டுத் திறந்தால் சேமிக்காததையும் திரும்பக் காட்டும். அது தானே டிஸ்க்கில் ஒரு நகலை எழுதி வைத்துக்கொள்கிறது. அதை நம்பி இருக்க வேண்டாம், நீங்களே சேமித்துப் பழகுங்கள்.

சரி, கோப்பை டெஸ்க்டாப்பில் 'சோதனை' என்ற பெயரில் சேமித்துவிட்டு, அதன்மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். அளவு: 1 பைட். காகிதத்தில் நீங்கள் போட்ட அதே எட்டுக் கட்டங்கள். அதற்குக் கீழே 'டிஸ்க்கில் அளவு' என்ற வரியில் 4 கேபி என்றோ 0 என்றோ இருந்தால் குழம்ப வேண்டாம். டிஸ்க்கில் இடம் பெரும்பாலும் 4096 பைட் கொண்ட துண்டுகளாகத்தான் ஒதுக்கப்படும். மிகச் சிறிய கோப்பைத் தனித் துண்டு தராமல் விண்டோஸ் தன் பட்டியலுக்குள்ளேயே செருகிவிடுவதும் உண்டு.

படி 4: இப்போது 'அம்மா'

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அந்த ஆங்கில எழுத்தை அழித்துவிட்டு 'அம்மா' என்று தட்டுங்கள். தமிழ் கீபோர்டு இல்லையென்றால் இந்தப் பக்கத்திலிருந்தே நகலெடுத்து ஒட்டலாம், மேற்கோள் குறி மட்டும் கூடவே வந்துவிடக் கூடாது. சேமியுங்கள். ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து பாருங்கள்: 15 பைட்.

மூன்று எழுத்துக்கு 15 எப்படி? கர்சரைச் சொல்லின் முடிவில் வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை மட்டும் தட்டுங்கள். 'மா' முழுதாகப் போகவில்லை, கால் மட்டும் போய் 'ம' நிற்கிறது. இன்னொரு தட்டில் அந்த 'ம' போகும். அடுத்து 'ம்' மீதுள்ள புள்ளி, பிறகு 'ம', கடைசியாக 'அ'. ஐந்து தட்டு. நமக்கு மூன்று எழுத்து, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடுக்கு ஐந்து துண்டுகள்: அ, ம, புள்ளி, ம, கால்.

யூனிகோடில் 'அ'வின் எண் 2949. ஒரு பைட்டின் எல்லை 255 என்று பார்த்தோமே, அதில் இது அடங்காது. நோட்பேட் இப்போது பயன்படுத்தும் யுடிஎஃப்-8 முறை, தமிழின் ஒவ்வொரு துண்டையும் மூன்று பைட்டாகப் பிரித்து எழுதும். 'அ' என்பது 224, 174, 133. ஐந்து துண்டு, மூன்று மூன்றாக, 15.

உங்களுக்கு 17 வந்தால் கடைசியில் என்டர் தட்டியிருக்கிறீர்கள், விண்டோஸில் அதற்கு இரண்டு பைட். 18 வந்தால் கோப்பின் தொடக்கத்தில் முறையைக் குறிக்கும் மூன்று பைட் அடையாளம் சேர்ந்திருக்கிறது. 'அம்மா' வெறும் கேள்விக்குறிகளாகிவிட்டால் உங்களுடையது பழைய நோட்பேட். சேமிக்கும் பெட்டியில் என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்து மறுபடி தட்டிச் சேமியுங்கள்.

படி 5: பென் டிரைவில் ஒரு கணக்கு

16 ஜிபி என்று வாங்கிய பென் டிரைவைச் செருகினால் விண்டோஸ் ஏறக்குறைய 14.9 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சமாக எண்ணுகிறது. 1600 கோடியை அதனால் வகுத்தால் 14.9.

படி 6: பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் தேடுங்கள்

என் அப்பா பல வருடங்களுக்கு முன் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி வைத்த கட்டுரைகளைப் புதுக் கணினியில் திறந்தபோது, பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். கோப்பு கெட்டுவிட்டது என்று அவர் முகம் வாடிவிட்டது. கெடவில்லை. பாமினியில் 'அம்மா' என்பது 109, 107, 59, 107, 104 என்ற ஐந்து பைட். அவை ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள்தான். அவற்றின் வடிவங்களை மட்டும் தமிழாக வரைந்து வைத்திருந்தார்கள். பாமினி இல்லாத கணினியில் அதே எண்களுக்கு ஆங்கில வடிவம் வருகிறது. எழுத்துருவை நிறுவியதும் அத்தனை கட்டுரைகளும் திரும்பி வந்தன. நடுவில் ஒரு பிட்கூட மாறவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கோப்பு இருக்கலாம். அழித்துவிடாதீர்கள். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இணையக் கருவி ஒன்றில் முதல் பத்தியை மட்டும் ஒட்டிப் பாருங்கள். தமிழ் சரியாக வந்தால் மிச்சத்தையும் மாற்றி, யுடிஎஃப்-8இல் சேமித்துவிடுங்கள்.