சுண்ணாம்புக்கல்லில் பழைய கடலைப் படிக்க: சிப்பியைக் கடைசியில் பாருங்கள்

கொழும்பு மண்ணைத் தோண்டிச் சுண்ணாம்புக்கல் தேட வேண்டாம், நம் காலடியில் இருப்பது நைஸ் போன்ற மிகப் பழைய உருமாறிய பாறைகள். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் இரண்டு மூன்று துண்டு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லுங்கள். எத்தனை அடியில் வந்த கல் என்று ஒவ்வொன்றிலும் எழுதச் சொல்வது முக்கியம். குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் என்ற காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். அந்தக் காலம் ஏறக்குறைய 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. புத்தளம் அருவக்காலுவில் சீமெந்துக்கு வெட்டுவதும் அதே காலத்துக் கல்தான்.

முதலில் சோதனை. ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியில் ஒரு சொட்டு வினாகிரி விடுங்கள். குமிழி வந்தால் சரி.

அடுத்து, புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடையில் 220, 400, 800 நம்பர் வாட்டர் பேப்பர் வாங்கி, கல்லின் ஒரு முகத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஈரம் காயுமுன் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் சிப்பியைத் தேடுவார்கள். அதை விட்டுவிட்டு, கல்லுக்குள் தெரியும் ஓட்டுத் துணுக்குகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: மங்கலான, மாவு மாதிரி நுண்சேறா, மினுங்கும் கல்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் படிகமா? காலிமுகத்திடலில் அலை அடிக்கிற இடத்தில் சேறு தங்குமா? தங்காது, அலை அரித்துக்கொண்டு போய்விடும். அதனால் துணுக்குகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இடையில் சேறே இல்லாமல் படிகம் மட்டும் இருந்தால் அது அலையடித்த இடம். சேற்றுக்குள் துணுக்குகள் மிதக்கிற மாதிரித் தெரிந்தால் அமைதியான நீர். சுண்ணாம்புக்கற்களை வகை பிரிக்க நிலவியலாளர் ராபர்ட் டன்ஹாம் 1962இல் வகுத்த முறையின் அடிப்படையே இதுதான், இன்றும் அதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சேற்றைக் கண்டதும் ஆழ்கடல் என்று எழுதிவிடாதீர்கள். களப்பிலும் சேறு படியும், முழங்கால் ஆழத்தில் வளரும் கடற்புல் கூடச் சேற்றைப் பிடித்து வைக்கும்.

இனி உயிர்ச்சுவடுகள். முருகைக்கல் வளர்ந்த நிலையிலேயே நின்றால், வெளிச்சம் எட்டுகிற, தெளிந்த, சூடான ஆழமற்ற கடல். உருண்டு உடைந்து கிடந்தால் அலையோ புயலோ வேறெங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருக்கலாம், அதை வைத்து இடம் சொல்லாதீர்கள். சிப்பியின் இரண்டு ஓடும் மூடியபடி இருந்தால் சீக்கிரமே புதைந்திருக்கிறது. உடைந்த முகத்தில் ஒரே தட்டையாகப் பளிச்சிடுகிற துண்டு பெரும்பாலும் கடல் முள்ளெலி, அப்படியென்றால் வழக்கமான உப்புள்ள கடல். வெட்டினால் உள்ளே வளையம் வளையமாகத் தெரியும் 2 மில்லிமீட்டருக்குள்ளான உருண்டைகள் ஊயிட். சூடான ஆழமற்ற நீரில், அலை உருட்ட உருட்ட உண்டானவை. ஓடு கரைந்து வெறும் அச்சு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் அரகோனைட் ஓடு, அதாவது கல்சைட்டை விட எளிதில் கரையும் சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. கரைந்தது பின்னால், நன்னீர் ஊறியபோது நடந்திருக்கலாம், அதைக் கடலின் கதையோடு சேர்க்காதீர்கள்.

நோட்டில் கண்டதை இடப்பக்கமும் ஊகத்தை வலப்பக்கமும் எழுதுங்கள். பிறகு கிணற்று ஆழ வரிசையில் துண்டுகளை அடுக்குங்கள்: கீழே சேறு, மேலே நின்ற நிலையில் முருகைக்கல் என்றால், அந்த இடத்தில் கடல் மாறியிருக்கிறது. ஏன் மாறியது என்பதற்கு ஒரு கிணறு போதாது, பக்கத்து வளவுக் கல்லும் வேண்டும்.